பெரிய கோயிலை அசோகர் கட்டலாமா? சிவிலைசேஷன் 7-க்கு பாலவனத்தத்தில் இருந்து ஒரு வக்காலத்து!

"டேய் மாப்ள, இந்த கேம்ல தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டலாம். ஆனா ராஜராஜனைக் காணோம். அசோகர் வந்து கட்டுறாரு. இதுக்குப் பேரு வரலாறு கேமா?"

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நண்பன், என் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. ஊர், பாலவனத்தம். விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிற கரிசக்காட்டு ஊர். நாங்கள் நாலு பேர். ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில், கிராஃபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி, 'சிவிலைசேஷன் 5' ஆடிப் பழகியவர்கள். அப்புறம் 'சிவிலைசேஷன் 6'. ஒரே லேப்டாப், நாலு பேர், மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடுவோம். இப்போது ஒருத்தன் சென்னை, ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் சிவகாசி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஆட்டம்.

அந்த ஆட்டத்திலும் 7-ம் பாகம் வந்து குறுக்கே விழுந்துவிட்டது. மூணு பேர் "6-லயே இருக்கோம்" என்கிறார்கள். நான் மட்டும் 7-க்கு வக்காலத்து. உலகம் முழுக்க இதே சண்டைதான் ஓடுகிறது. 2025 பிப்ரவரி 11-ம் தேதி வெளியான இந்த கேமுக்கு, ஸ்டீமில் ஆடியவர்கள் கொடுத்த தீர்ப்பு, 'கலவையான' விமர்சனம். பல மாதம் கழித்தும், பழைய 5-ஐயும் 6-ஐயும் ஆடுகிற கூட்டம் புதுசை ஆடுகிற கூட்டத்தைவிட அதிகமாகவே இருந்தது.

கூட்டம் எல்லாம் தப்பு, நான் மட்டும் கரெக்ட் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் எதைத் திட்டுகிறதோ, அதில்தான் இந்த கேமோட உயிர் இருக்கிறது என்று சொல்ல வருகிறேன்.

சரி, என்னதான் பிரச்னை?

ஆடாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. சிவிலைசேஷன், செல்லமாக 'சிவ்'. சிட் மையர் உருவாக்கி 1991-ல் முதல் பாகம் வந்தது. ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். கற்காலம் தாண்டியதும் ஒரே ஒரு ஊரில் ஆரம்பித்து, வயல், கோயில், படை, கப்பல், ராக்கெட் என்று வளர்த்துக்கொண்டே போவீர்கள். இது டர்ன் பேஸ்டு கேம். அதாவது நீங்கள் ஒரு காய் நகர்த்தினால், அடுத்தவர் ஒரு காய் நகர்த்துவார். அவசரமே கிடையாது. யோசிக்கலாம், டீ குடிக்கலாம். "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சொல்லிச் சொல்லியே விடிந்துவிடும்.

முதல் ஆறு பாகத்திலும் ஒரு விஷயம் மாறவே இல்லை. நீங்கள் எகிப்து என்றால் முதல் டர்ன் முதல் கடைசி டர்ன் வரைக்கும் எகிப்துதான். ராக்கெட் விடுவதும் எகிப்துதான்.

7-ம் பாகம் இதை உடைத்துவிட்டது. ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது: பழங்காலம், கடல்தாண்டும் காலம், நவீன காலம். ஒவ்வொரு யுகத்துக்கும் வேறு வேறு நாகரிகம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு யுகங்களும் முடிகிற நேரத்தில் ஒரு நெருக்கடி வரும். கொள்ளைநோய் வரலாம், படையெடுப்பு வரலாம், உள்ளுக்குள்ளேயே கலகம் வரலாம். அதைத் தாங்கிக் கரையேறினால் அடுத்த யுகம். அங்கே பழைய கட்டடங்கள் பலதும் பாதி பலம் இழந்து நிற்கும். படையில் ஒரு பகுதி காணாமல் போகும். முந்தின யுகத்தில் நீங்கள் சாதித்ததற்கான 'மரபு'ப் புள்ளிகள், உலக அதிசயங்கள், அந்த நாகரிகத்துக்கே உரிய தனிக் கட்டடங்கள், தளபதிகள்... இவைதான் கூட வரும்.

இன்னொரு மாற்றம், தலைவரும் நாகரிகமும் இனிமேல் தனித்தனி. தலைவர் மூன்று யுகத்துக்கும் மாற மாட்டார். நாடுதான் மாறும். அதனால்தான் அசோகர் சோழ நாட்டை ஆளலாம், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ரோமை ஆளலாம்.

"நான் கட்டுனதை எல்லாம் புடுங்கிட்டு, என் நாட்டுப் பேரையும் மாத்திட்டு, 'இப்ப ஆடு'ன்னா எப்படிரா ஆடுறது?" என்பதுதான் மூணு பேரோட ஒரே கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

முடிக்காமல் விட்ட ஆட்டங்கள்

முதலில் ஓர் உண்மையை ஒத்துக்கொள்வோம். நாங்கள் நாலு பேரும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆட்டம் ஆரம்பித்திருக்கிறோம். முடித்தது விரல்விட்டு எண்ணலாம். ஏன்? பாதியிலேயே யார் ஜெயிக்கப்போகிறார் என்று தெரிந்துவிடும். ஒருத்தன் முதல் நூறு டர்னுக்குள் நாலு ஊர் அதிகமாகப் பிடித்துவிட்டால், அவனை யாரும் தொட முடியாது. மிச்சம் இருநூறு டர்னும் சும்மா 'நெக்ஸ்ட்' பட்டனை அமுக்குகிற வேலை. இதற்கு கேமர்கள் வைத்த பேர், ஸ்நோபால். பனிக்கட்டி உருண்டை உருள உருளப் பெருக்கிற மாதிரி, முன்னாடி போனவன் மேலும் மேலும் முன்னாடி போவான்.

இது எங்கள் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 6-ம் பாகத்தை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதை, இந்த கேமைச் செய்கிற ஃபிராக்ஸிஸ் நிறுவனமே 7 வெளியாகும் முன்பு சொன்னது. யுகத்தைப் பிரித்ததற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு யுகத்தின் ஆரம்பத்திலும் பின்தங்கியவனுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. முன்னாடி போனவனுக்குக் கொஞ்சம் பயம் வருகிறது.

இதை நம்ம ஊர் விளையாட்டு எப்பவோ கண்டுபிடித்துவிட்டது. ஆடு புலி ஆட்டம் தெரியும்தானே? 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபக் கல்லில் கட்டம் கீறி வைத்திருப்பார்கள். அதில் ஆடு வைத்திருப்பவர் முதலில் ஒவ்வோர் ஆடாகக் கட்டத்தில் இறக்கிக்கொண்டே வர வேண்டும். 15 ஆடும் இறங்குகிற வரைக்கும் ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி அதுவரைக்கும் துள்ளிக் குதித்து வெட்டும். கடைசி ஆடு இறங்கிய பிறகு விதியே மாறிவிடும். இப்போது ஆடுகள் நகரலாம், சுற்றி வளைக்கலாம். அதுவரை ராஜாவாகத் திரிந்த புலி, ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

ஓர் ஆட்டத்துக்குள் இரண்டு யுகம். "பாதி ஆட்டத்துல ரூலை மாத்துறீங்களே" என்று யாரும் ஆடு புலி ஆட்டத்தைத் திட்டியது இல்லை. அந்த மாற்றம் இருப்பதால்தான் அது ஆட்டம். இல்லாவிட்டால் புலி ஆடு தின்கிற வேடிக்கைதான்.

பாலவனத்தத்துக்கு எத்தனை யுகம்?

இனி பெரிய கேள்விக்கு வருவோம். "என் நாட்டுப் பேரை ஏன் மாத்துன?"

நான் பதிலுக்கு நண்பர்களிடம் கேட்டது இது: "நம்ம ஊர் எந்த நாடுடா?"

பாண்டிய நாடு என்றார்கள். கரெக்ட். ஆனால் 11-ம் நூற்றாண்டில் இந்தச் சீமை சோழர் கையில். சோழ இளவரசர்கள் 'சோழ பாண்டியர்' என்ற பட்டத்தோடு மதுரையில் இருந்து ஆண்டார்கள். 13-ம் நூற்றாண்டில் மறுபடி பாண்டியர் எழுந்தார்கள். பிறகு மதுரை சுல்தான்கள், விஜயநகரம், நாயக்கர்கள், சேதுபதிகள், அப்புறம் கும்பெனி. பாளையம் போய் ஜமீன் வந்தது. 1948-ல் வந்த சட்டத்தில் ஜமீனும் போனது. அதற்கப்புறம்கூட சும்மா இல்லை. எங்கள் அப்பா படித்த காலத்தில் இது ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் காமராஜர் மாவட்டம். இப்போது விருதுநகர் மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதே கரிசல், அதே கண்மாய். மேலே எழுதியிருக்கிற பேர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

முதல் டர்ன் முதல் கடைசி டர்ன் வரைக்கும் ஒரே கொடி என்பது பழைய சிவ் கேம்கள் நமக்குக் காட்டிய ஒரு சுகமான கற்பனை. உலகத்தில் எந்த மண்ணும் அப்படி இருந்தது கிடையாது. இந்த பாகத்தின் டிசைனர் எட் பீச், ரோமானியர் ஊரின் மேல் அடுக்கடுக்காக எழுந்த லண்டனை இதற்கு உதாரணமாகச் சொல்வார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் போதும்.

சரி, பேர் மாறுகிறது. அப்போ எது கூட வருகிறது? இதற்கும் எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் வருகிற ஒரே பேர், பாண்டித்துரைத் தேவர். பாலவனத்தம் ஜமீன்தார். 1867-ல் பிறந்து 1911-ல் மறைந்தவர். கொஞ்சம் அவருடைய நிலைமையை கேம் கண்ணால் பாருங்கள். அவருடைய முன்னோர் காலத்தில் அதிகாரம் என்றால் படை, கோட்டை. அவர் காலத்தில் அதெல்லாம் முடிந்த கதை. எல்லாம் வெள்ளைக்காரன் கையில். பழைய யுகத்துக் கட்டடங்கள் பலம் இழந்து நிற்கின்றன. கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் காசு, கொஞ்சம் செல்வாக்கு, நிறைய தமிழ்.

அவர் என்ன செய்தார்? கோட்டையை மறுபடி கட்டவில்லை. 1901-ல் மதுரையில் தமிழ்ச்சங்கம் தொடங்கினார். மதுரையில் ஒரு சொற்பொழிவுக்குப் போனபோது திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியும் கிடைக்காமல் போனதுதான் அதற்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். அந்தச் சங்கத்துக்கு நூலகம், அச்சகம், தமிழ்த் தேர்வுகள், 'செந்தமிழ்' என்று ஒரு பத்திரிகை எல்லாம் வந்தன. மக்கள் அதற்கு வைத்த பேர், நான்காம் தமிழ்ச்சங்கம்.

நான்காம்! இந்த எண்ணைக் கவனியுங்கள் பாஸ். அது ஒரு சீரிஸின் அடுத்த பாகம்.

மரபுக் கதைப்படி முதல் சங்கம் தென்மதுரையில். கடல்கோள் வந்து அதை விழுங்கியது. இரண்டாம் சங்கம் கபாடபுரத்தில். அதுவும் கடலுக்குள் போனது. மூன்றாவது, இப்போதைய மதுரையில். ஒவ்வொரு யுகமும் ஒரு நெருக்கடியில் முடிகிறது. ஊர் போகிறது, அரண்மனை போகிறது, ஆனால் தொல்காப்பியம் அடுத்த சங்கத்துக்குக் கூடவே வருகிறது. இது வரலாறா, புராணமா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். நம் ஆட்கள் தங்கள் மொழியின் கதையை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். "ஆரம்பத்துல இருந்து ஒரே ஊர்ல ஒரே மாதிரி இருந்தோம்" என்று சொல்லவில்லை. "ரெண்டு தடவை எல்லாம் போச்சு, எடுத்துட்டு வர முடிஞ்சதை எடுத்துட்டு வந்தோம்" என்றுதான் சொன்னார்கள்.

நான்காவது பாகத்தில் ராஜாவும் இல்லை, அவைப்புலவரும் இல்லை. அச்சு மெஷினும் சந்தாதாரரும் வந்தாச்சு. முந்தின மூன்றோடு ஒப்பிட்டால் வேறு கேம். ஆனால் அதே சீரிஸ்.

இன்னும் ஒன்று. 1906-ல் வ.உ.சி தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இதே பாண்டித்துரைத் தேவர்தான். மழை பெய்தால்தான் தண்ணீரைப் பார்க்கிற ஊரின் ஜமீன்தார், கப்பல் கம்பெனிக்குத் தலைவர்! சிவ் 7-ல் நிலத்தையே நம்பி ஒரு யுகம் ஆடிவிட்டு, அடுத்த யுகத்தில் கடலில் இறங்குகிறபோது வருகிற அந்தச் சின்ன பயமும் பரபரப்பும் எனக்கு ஞாபகப்படுத்துவது இதைத்தான்.

விதைத் தவசம்

என் வாதத்துக்கு என் அப்பத்தாவும் ஒரு சாட்சி. கேம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆனால் மானாவாரி தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைக்க வேண்டும். குதிரைவாலி, கம்பு, பருத்தி, மல்லி. ஒரு வருஷம் வீடு நிறைய விளையும். அடுத்த வருஷம் வானம் ஏமாற்றிவிடும். போன வருஷ விளைச்சலைக் காட்டி இந்த வருஷ மழையை வாங்க முடியாது. "தின்னது போக விதைக்கு எடுத்து வச்சது எவ்வளவு, அதைச் சொல்லு" என்று கேட்கும் அப்பத்தா. விதைத் தவசம் வைத்திருப்பவன் அடுத்த வருஷம் மறுபடி ஆடலாம். இல்லாதவன் கடன் வாங்கணும்.

சிவ் 7 என்னிடம் ஒவ்வொரு யுகத்தின் முடிவிலும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். எவ்வளவு சேர்த்தாய் என்று கேட்பதில்லை. எதை எடுத்து வைத்தாய் என்று கேட்கிறது. எனக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. முந்தின ஆறு பாகத்திலும் நான் ஒரு தடவைகூட யோசிக்காத கேள்வி இது.

குறையே இல்லையா?

ஏன் இல்லை? வண்டி வண்டியாக இருக்கிறது. வக்காலத்து வாங்குகிறவன் அதையும் சொன்னால்தான் மரியாதை.

வெளியான நாளில் அதன் ஸ்க்ரீன் அமைப்பு பாதி வெந்த மாதிரி இருந்தது. எந்தக் கட்டடம் எதற்கு என்று தேடித் தேடி அலுத்துப்போனோம். நிறுவனமே தவறை ஒத்துக்கொண்டு அப்டேட் மேல் அப்டேட் விட்டது. அமெரிக்காவில் 70 டாலர் விலை வைத்துவிட்டு, கூடவே காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பகுதிகளையும் ஆரம்பத்திலேயே அறிவித்தது எரிச்சல். எல்லாவற்றையும்விட எங்கள் நாலு பேருக்குப் பெரிய அடி, ஒரே மெஷினில் மாற்றி மாற்றி ஆடுகிற ஹாட்சீட் வசதி வெளியானபோது இல்லவே இல்லை. எங்கள் பொங்கல் ஆட்டத்தைக் கொன்றது யுக மாற்றம் இல்லை, இதுதான்.

அடுத்து, நம்ம ஆட்களை நேரடியாகச் சுடுகிற குறை. இந்தியாவுக்கு இந்த கேம் காட்டுகிற இயல்பான வழி: மௌரியர், சோழர், முகலாயர். இதைப் பார்த்து நானும் தலையில் அடித்துக்கொண்டேன். மௌரியருக்கும் சோழருக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கிறது. சோழர் முடிந்து முகலாயர் வருவதற்குள் தென்னாட்டில் எவ்வளவோ நடந்துவிட்டது. பாண்டியர் எங்கே, விஜயநகரம் எங்கே? யுகங்களின் பேரில் ஒரு கேம் செய்துவிட்டு, ஒரு துணைக்கண்டத்தையே ஒற்றைக் கோட்டில் இழுப்பது சோம்பேறித்தனம்.

ஆனால் அதே கேமில்தான் முதல்முறையாகச் சோழர் ஒரு முழு நாகரிகமாக வந்திருக்கிறார்கள். 6-ம் பாகத்தில் ராஜேந்திர சோழன் ஒரு கடற்படைத் தளபதியாகத் தலைகாட்டிவிட்டுப் போனதோடு சரி. 7-ல் சோழருக்குச் சொந்தக் கப்பல் இருக்கிறது, பேர் 'களம்'. அஞ்சுவண்ணம், மணிகிராமம் என்று இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. இரண்டும் இடைக்காலத்து வணிகக் குழுக்களின் பேர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் 'ஐந்நூற்றுவர்' வட்டாரம் உருவாகும். சோழர் என்றாலே போர், யானை, வாள் என்று நம்ம சினிமாவே காட்டிக்கொண்டிருக்கும்போது, ஓர் அமெரிக்க கேம் வணிகக் குழுக்களைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறது. யுகத்துக்கு ஒரு நாகரிகம் என்ற விதி இருந்ததால்தான் 'இந்தியா' என்ற ஒற்றைப் பெட்டி உடைந்து, சோழருக்கு ஓர் இடம் கிடைத்தது. நண்பர்கள் திட்டுகிற விதிதான் நம்மை உள்ளே விட்டது.

இது முதல் சண்டையும் இல்லை

2010-ல் 5-ம் பாகம் வந்தபோது சதுரக் கட்டங்களைத் தூக்கிவிட்டு அறுகோணம் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்றார்கள். 4-ம் பாகத்து ரசிகர்கள் கொதித்தார்கள். 2012, 2013-ல் வந்த இரண்டு பெரிய கூடுதல் பாகங்களுக்குப் பிறகு 5 எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆனது. 2016-ல் 6 வந்தபோது "என்னய்யா கார்ட்டூன் மாதிரி இருக்கு" என்றார்கள். இன்றைக்கு 7-ஐத் திட்டுகிறவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கார்ட்டூனைத்தான். ஒவ்வொரு புது பாகத்திலும் மூன்றில் ஒரு பங்கு பழசு, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு புத்தம் புதுசு என்பது இந்த சீரிஸின் வழக்கம். திட்டு வாங்குவது எப்போதுமே அந்த மூன்றாவது பங்குதான்.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். திட்டு தாங்காமல் நிறுவனம் இறங்கி வந்துவிட்டது. ஒரே நாகரிகத்தைக் கடைசி வரை ஆடுகிற வழியையும் சோதித்துவருவதாக 2025-ன் கடைசியில் அறிவித்தார்கள். நண்பர்கள் குரூப்பில் வெற்றி ஸ்டிக்கர் பறந்தது. "எப்புடி?" என்று எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வேறு.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிடித்தவர்கள் அப்படி ஆடட்டும். அது ஒரு கூடுதல் வழியாக இருக்கிற வரைக்கும் சரி. ஆனால் எட்டாம் பாகம் செய்கிறவர்கள் இதில் இருந்து "புதுசா எதையும் தொடாதே" என்ற பாடத்தைப் படித்துவிடக் கூடாது. அதுதான் என் பயம். பழையதையே பளபளப்பாக்கி விற்பது எளிது. ஆறாம் பாகத்தை மறுபடி வாங்க நமக்கு எதற்கு எட்டாம் பாகம்?

போன தடவை ஊருக்கு வந்தபோது நண்பர்களிடம் ஒரு டீல் பேசியிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு முதல் ராத்திரி 6. அதில் எவன் வேண்டுமானாலும் எகிப்தை வைத்து ராக்கெட் விடட்டும். ரெண்டாவது ராத்திரி 7. நாலு லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மூணாவது யுகம் வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது.

"அசோகரை எடுக்க மாட்டேன்" என்று சிவகாசிக்காரன் கண்டிஷன் போட்டிருக்கிறான். சரிடா மாப்ள. ஆனா சோழரை எடுத்தா, பெரிய கோயிலைக் கட்டாம யுகத்தை முடிச்சிராத. அடுத்த யுகத்துக்குக் கூட வர்றது அதுதான்.